ஆளுக்கு இரண்டு நிமிஷம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணமேல்குடியைத் தாண்டித் தெற்கே போனால், மீமிசலுக்கு முன்னால் வருகிற ஊர் கோட்டைப்பட்டினம். பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை, ஊர் வந்துவிட்டதைக் கருவாட்டு வாசனை எழுப்பிச் சொல்லிவிடும்.

ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை அங்கே போயிருந்தேன். நண்பரின் தங்கை அந்தப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் டீச்சர். பள்ளிக்கூடம் தொடங்க இன்னும் நேரம் இருந்ததால் கடற்கரைப் பக்கம் நடந்தேன். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. காற்றும் இல்லை, மழையும் இல்லை, கடல் குளம் மாதிரி இருந்தது. ‘இவ்வளவு நல்ல நாளில் ஏன் சும்மா நிற்கின்றன?’ என்று வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

“இன்னிக்கி அவுக முறை இல்ல தம்பி. திங்க, புதன், சனி மூணு நாளு பெரிய போட்டு போவும். மத்த நாலு நாளு நாட்டுப்படகு. இங்க அதான் கணக்கு” என்றார்.

பாக் நீரிணைக் கரை ஊர்களில் இது பழைய ஏற்பாடு. காரணம் எளிமையானது. விசைப்படகு இழுவை மடியைப் போட்டுக் கடலின் அடியை வாரிக்கொண்டு போகும். நாட்டுப்படகுக்காரர் வலையை விரித்துவிட்டுக் காத்திருப்பார். இருவரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் தொழில் செய்தால் பெரியவனுக்கு மீன், சின்னவனுக்குக் கிழிந்த வலை. அதற்காகத்தான் நாளைப் பிரித்தார்கள். 1983ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் கரையை ஒட்டிய கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்கிறது. சண்டை முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு விஷயத்தை அந்தக் கரை ஒப்புக்கொண்டிருக்கிறது.

‘கடல் எல்லாருக்கும் பொது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் போகலாம்’ என்பதும் சமத்துவம்தானே? காதுக்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அந்தச் சமத்துவத்தில் சின்னவனுக்குச் சாயந்தரம் அடுப்பெரியாது.

இதை மனதில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

*

ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மொத்தம் முப்பது பேர். சுவரில் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. நம் காலத்துப் பள்ளிக்கூடம் இல்லை இது. 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் ஆரம்பித்து 2007ல் தமிழகம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல், 2022ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ எல்லாம் வகுப்பறையின் முகத்தை மாற்றியிருக்கின்றன. இப்போது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அவரவர் நிற்கிற படியிலிருந்து ஏற்றிவிடப் பார்க்கிறார்கள். எழுத்துக் கூட்டுகிறவனும் கதை படிக்கிறவளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

டீச்சர் ஒரு கணக்குச் சொன்னார்.

“ஒரு பீரியடுன்னா கூட்டிக் கழிச்சு ஒரு மணி நேரம்னு வச்சுக்குங்க சார். முப்பது புள்ளைங்க. சமமாப் பிரிச்சா ஆளுக்கு ரெண்டு நிமிஷம். நல்லாப் படிக்கிற புள்ளைக்கு ரெண்டு நிமிஷம் போதும். ‘ட’வுக்கும் ‘ப’வுக்கும் வித்தியாசம் தெரியாம முழிக்கிற புள்ளைக்கு ரெண்டு நிமிஷத்துல நான் என்ன செய்ய? அவன் பக்கத்துல போய் உக்காரவே ஒரு நிமிஷம் ஆயிருது.”

நீங்களே சொல்லுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்பது நியாயமா?

‘நியாயம்தான், டீச்சர் யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லையே’ என்று சொல்லத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். என் மூன்றாம் வகுப்பு ஞாபகத்துக்கு வராமல் இருந்திருந்தால்.

*

நான் படித்த பள்ளிக்கூடமும் ஊரும் இங்கே வேண்டாம். வகுப்பில் நாங்கள் மூன்று பேர் முன்வரிசை. வாத்தியார் கேள்வி கேட்டால் எங்களிடம்தான் கேட்பார். நாங்கள் டக்கென்று சொல்வோம். அவருக்குச் சந்தோஷம், எங்களுக்கும் சந்தோஷம். கடைசி வரிசையில் ஒருவன் இருந்தான். அவனிடம் வாத்தியார் ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவன் எழுந்து நிற்பான், மேலே பார்ப்பான், கீழே பார்ப்பான். வாத்தியாருக்குப் பொறுமை போய்விடும். “சரி, உக்காரு” என்பார். அப்புறம் அவனிடம் கேட்பதையே விட்டுவிட்டார்.

இன்ஸ்பெக்‌ஷன் நாள் வந்தது. காலையில் அவனைக் கூப்பிட்டு, “நீ வீட்டுக்குப் போயிட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு வா” என்றார் வாத்தியார். திட்டவில்லை, அடிக்கவில்லை. நல்லவிதமாகத்தான் சொன்னார். அவனும் பையைத் தூக்கிக்கொண்டு போனான். லீவு கிடைத்த மாதிரி சிரித்துக்கொண்டேதான் போனான்.

அன்றைக்கு நான் பாடத்தைக் கடகடவென்று வாசித்துக் காட்டி ஒரு பென்சில் பரிசு வாங்கினேன். மத்தியானம் அவன் வந்து தட்டோடு வரிசையில் நின்றபோது அந்தப் பென்சிலைக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்லாருக்குடா” என்று கொடுத்துவிட்டான்.

ஐந்தாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான்.

நான் அவனுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனால் வாத்தியாரின் நேரத்தில் அவனுக்குச் சேர வேண்டியது யாரிடம் போனது? என்னிடம்தானே! இன்றைக்கு நான் நாலு வரி எழுதுகிறேன் என்றால் அதில் அவனுடைய நிமிஷங்களும் இருக்கின்றன. கேட்காமல் எடுத்துக்கொண்டதற்குத் திருட்டு என்று பெயர் இல்லாமல் இருக்கலாம். வேறு நல்ல பெயரும் எனக்குக் கிடைக்கவில்லை.

*

இத்தாலியில் பார்பியானா என்று ஒரு மலைக் கிராமம். அங்கே லோரென்ஸோ மிலானி என்கிற பாதிரியார், பள்ளிகள் ஃபெயிலாக்கி வெளியே அனுப்பிய ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்த மாணவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஓர் ஆசிரியைக்கு எழுதிய கடிதம் 1967ல் புத்தகமாக வந்தது. தங்கள் நாட்டுப் பள்ளிக்கூடத்தை அவர்கள் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஒப்பிட்டார்கள். நோயில்லாதவர்களைக் கவனித்துக்கொண்டு நோயாளியை வாசலோடு அனுப்புகிற ஆஸ்பத்திரி!

ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் ஆளுக்கு இரண்டு மாத்திரை என்று யாராவது சமமாகப் பங்கு பிரிப்பார்களா? அங்கே மட்டும் நமக்கு நியாயம் சட்டென்று புரிகிறது. வகுப்பறைக்கு வந்தால் குழம்புகிறது. ஏனென்றால் அங்கே நம் பிள்ளை முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

“மார்க்கை மட்டும் பார்த்து யாருக்குத் தேவைன்னு முடிவு பண்ண முடியாது சார்” என்றார் டீச்சர். ஒரு பையனைக் கண்ணால் காட்டினார். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவனாம். ஒரு மாதமாக நோட்டில் ஒரு வரி எழுதவில்லை. அவன் அப்பா போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது. அப்பா யாழ்ப்பாணத்தில் சிறையில். கோட்டைப்பட்டினத்துக்கு இது புதிய கவலை இல்லை. 2021 ஜனவரியில் இங்கிருந்து கடலுக்குப் போன படகு ஒன்று இலங்கைக் கடற்படைப் படகோடு மோதிய சம்பவத்தில் நான்கு மீனவர்கள் உயிரோடு திரும்பவில்லை. அந்தப் பயத்தோடுதான் இங்கே பிள்ளைகள் அ, ஆ எழுதுகிறார்கள்.

போன மாதம் வரை அவனுக்கு இரண்டு நிமிஷம் போதும். இந்த மாதம் அரை மணி நேரமும் போதாது. மக்கு என்றும் கெட்டிக்காரன் என்றும் நாம் நெற்றியில் எழுதி ஒட்டுகிறோமே, அந்தச் சீட்டுக்கு எத்தனை நாள் ஆயுள்?

*

தேவைப்பட்டவனுக்கு அதிகம் கொடு. முடிந்தது பிரச்னை என்று நான் கிளம்பியிருப்பேன். ஒரு சிறுமி விடவில்லை.

மூன்றாம் வகுப்பு. கணக்கை எல்லாம் முடித்துவிட்டு நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரொம்ப நேரமாக நின்றாள். டீச்சர், “இரும்மா, இவனை முடிச்சிட்டு வர்றேன்” என்றார். இன்னும் கொஞ்ச நேரம் போனது. திரும்பவும், “இரும்மா.” அப்போது அவள் கேட்டாள்:

“எல்லாத்தையும் சரியாப் போட்டா, என் நோட்டைக் கடைசியாத்தான் பாப்பீங்களா டீச்சர்?”

டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் பதில் தெரியவில்லை. நன்றாகப் படித்தது அவள் குற்றமா? அவளும் மீன்காரர் வீட்டுப் பிள்ளைதான். டியூஷன் வைக்க வசதி இல்லை. இந்த டீச்சரை விட்டால் அவளுக்கும் யாரும் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்தார்கள். 1989ல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஆரம்பித்த சத்துணவு முட்டை, 2010லிருந்து வாரத்துக்கு ஐந்து. சமையல் அம்மா முட்டையை வைத்துக்கொண்டே போனார். தட்டுக்கு ஒன்று. குண்டுப் பையனுக்கும் ஒன்று, ஒல்லிப் பெண்ணுக்கும் ஒன்று. யார் கேட்டாலும் இரண்டாவது கிடையாது. அடுத்து சோறு. அதில் அந்தக் கணக்கு இல்லை. ஒருத்திக்கு ஒரு கரண்டி, “போதும்” என்றாள். ஒருவனுக்கு இரண்டு. ஒருவன் தட்டைப் பார்த்துவிட்டு அவன் கேட்காமலே இன்னும் கொஞ்சம் போட்டார். “காலைல நாஷ்டா நேரத்துக்கு இவன் வரல” என்றார்.

நான் தேடிக்கொண்டிருந்த பதிலை அந்த அம்மா கரண்டியால் பரிமாறிக்கொண்டிருந்தார்.

முட்டை என்பது மரியாதை. ‘நீயும் இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, உன்னையும் நான் பார்க்கிறேன்’ என்று சொல்வது. அது எல்லாருக்கும் ஒன்று. அதில் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சோறு என்பது நேரம், உழைப்பு, கவனம். அது பசிக்குத் தகுந்த மாதிரி. இரண்டையும் நாம் மாற்றிப் போட்டுவிடுகிறோம். சோற்றைச் சமமாக அளக்கிறோம், முட்டையை வேண்டியவனுக்கு மட்டும் வைக்கிறோம். என் வாத்தியார் அவனை வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்கு அவனுக்குக் கிடைக்காமல் போனது நேரம் மட்டும் இல்லை. அவனுடைய முட்டையும்தான்.

அந்தச் சிறுமி கேட்டது அதிக நேரத்தை இல்லை. தன் முட்டையைத்தான் கேட்டாள்.

*

சாப்பிட்டுக்கொண்டே டீச்சரிடம் படகுக் கணக்கைச் சொன்னேன். அவர் சிரித்தார். “எனக்கே சொல்றீங்களா? எங்க வீட்டுலயும் போட்டு இருக்கு சார். ஏப்ரல் 15லேருந்து தடைக்காலம் வருது. 61 நாள் கட்டிப் போட்டுருவோம்.”

மீன்கள் இனம் பெருக்கும் காலத்தில் கடலுக்கு ஓய்வு கொடுப்பதற்காக 2001ல் 45 நாளாக வந்த தடை, 2017லிருந்து 61 நாள். படகுக்காரர்களுக்கு அது நஷ்டம்தான். கடன் நிற்பதில்லை, வட்டி நிற்பதில்லை. அதனால்தான் அந்த நாட்களுக்கு அரசு நிவாரணம் என்று ஒன்று கொடுக்கிறது. போதுமா என்றால் போதாது என்பார்கள். ஆனாலும் ‘உன்னை ஒதுங்கி நிற்கச் சொன்னோம், அதில் உனக்கு இழப்பு இருக்கிறது’ என்று ஒப்புக்கொள்கிற காரியம் அது.

அதைத்தான் நாம் வீட்டிலும் வகுப்பிலும் மறந்துவிடுகிறோம். நோஞ்சான் பிள்ளையைக் கவனிப்பது சரி. கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் கெட்டிக்காரப் பிள்ளையிடம் ‘நீதான் சமத்தாச்சே, உனக்கென்ன?’ என்று சொல்லிவிட்டுப் போகிறோமே, அது அநியாயம். காத்திருக்கச் சொன்னால், எதற்காகக் காத்திருக்கிறாய் என்று சொல்ல வேண்டும். உன் முறை எப்போது என்றும் சொல்ல வேண்டும். சொன்ன நாளில் பார்க்கவும் வேண்டும்.

டீச்சர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். சாப்பாடு முடிந்ததும் அந்தச் சிறுமியைக் கூப்பிட்டார். “செவ்வாயும் வியாழனும் நான் இவங்களோட உக்காந்திருப்பேன். நீ தனியாப் படி. திங்கள், புதன் உன் நோட்டைத்தான் முதல்ல பார்ப்பேன். வெள்ளிக்கிழமை எல்லாருக்கும். சரியா?” என்றார்.

அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். கடற்கரைப் பிள்ளை. முறை என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். “நாளைக்குப் புதன்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினாள்.

இரண்டு நாள் கழித்து டீச்சரிடமிருந்து போன். “நேத்து அவ நோட்டை முதல்ல பார்த்தேன் சார். எட்டுப் பக்கம் எழுதி வச்சிருந்தா. அப்பா ஜெயில்ல இருக்கிற பையன் இருக்கான்ல, அவனுக்காக ஒரு பக்கம் கணக்கு அவளாவே எழுதிட்டு வந்திருந்தா. நான் சொல்லவே இல்ல.”

“அவன் போட்டானா?” என்று கேட்டேன்.

“ரெண்டு போட்டான்.”

இன்று ராத்திரி உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். யாருக்கு அதிக நேரம் வேண்டும் என்று உங்களுக்கே தெரியும், கொடுங்கள். அதற்கு முன்னால், பேசாமல் ஓரமாக நின்றுகொண்டிருக்கிற இன்னொரு பிள்ளையிடம், ‘உன் முறை எப்போது?’ என்பதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.