சிற்றுயிரும் படமும்

அரை அங்குலப் பூச்சியைப் பெரிதாகப் படமெடுப்பதில் நியாயம், அநியாயம் என்று ஒன்று உண்டா? மளிகைக் கடைக்காரனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று அன்பர்கள் சிரிக்கலாம். ஆயினும் சில மாதங்களாக இவ்விஷயம் நம் மனத்தை அரித்துக் கொண்டிருக்கிறது.

நம் தம்பி மகன் பள்ளியில் படிக்கிறான். பூச்சிகளை நெருங்கிப் படம் பிடிக்கும் லென்ஸ் ஒன்று அவனிடம் உண்டு. ஞாயிறு காலைகளில் அவனோடு தைப்பிங் ஏரிப் பூங்காவுக்கு நாமும் போனோம். அதிலுள்ள சிரமத்தை அங்கேதான் கண்டோம். பூச்சி உள்ள அளவிலேயே அதன் உருவம் காமிராவினுள் விழும்படி நெருங்கினால், தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். கண் தெளிந்தால் வயிறு மங்கும். லென்ஸின் துளையைச் சிறிதாக்கினால் ஆழம் கொஞ்சம் கூடும். வெளிச்சமோ போதாது, பிளாஷ் வேண்டும். மேலும் சிறிதாக்கினால் ஒளி சிதறிப் படம் முழுவதுமே மழுங்கிவிடும். நம் உடம்புக்குத் தெரியாத காற்றில்கூட இலை ஆடும். நம் ஊரோ மழைக்குப் பேர்போனது. குளிர்சாதன அறையிலிருந்து கொண்டுவந்த லென்ஸ் வெளிக்காற்று பட்டதும் வியர்த்துப் போகிறது. கொசுக்கடி தனி.

இதற்கு ஓர் உபாயம் உண்டு. கவனம் படும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றாக்கிவிடலாம். ஆனால் அதுவரை பூச்சி அசையக்கூடாது. எந்தப் பூச்சி கேட்கும்?

நம் கடைக்குப் பின்னால் ஒரு மாமரம். அதில் முசுறு கூடு கட்டியிருக்கிறது. மலாய்க்காரர் கெரெங்கா என்பார்களே, அந்தச் சிவப்பெறும்புதான். தன் புழுக்களின் நூலைக் கொண்டே இலைகளைத் தைத்துக் கூடு செய்யும். அவற்றுள் ஒன்றைப் பையன் உற்றுப் பார்த்துவிட்டு, "பெரியத்தா, இதுக்கு எட்டுக் காலு" என்றான். பார்த்தால் சிலந்தி! முன்கால் இரண்டையும் எறும்பின் மீசைபோல் தூக்கிக் கொண்டு நடக்கிறது. எறும்புக்கு அஞ்சும் பிராணிகள் இதையும் விட்டு விலகும். எறும்பிடமிருந்தோ, கிட்டே வராமல் சட்டென்று ஒதுங்கித்தான் பிழைக்கிறது.

நான்கு ஞாயிறு முயன்றும் படம் சரியாக வரவில்லை. "குளிர்பானப் பெட்டியில் பத்து நிமிஷம் வை, மரத்துப் போகும்" என்று யோசனை சொன்னது நாம்தான். அப்படியே ஆயிற்று. கடை மேசையில் மாவிலையை வைத்து, அதன்மேல் சிலந்தியை வைத்து எடுத்தான். அந்த இரண்டு பெரிய கண்களைக் கண்டபோது நமக்குப் பேச்சு வரவில்லை. பிறகு அதைக் கிளையிலேயே விட்டோம். இன்னும் கால் கூடாமல் தள்ளாடியது. ஒதுங்க முடியவில்லை. இரண்டு முசுறு வந்து பிடித்தன. பிறகு பல வந்தன.

படத்தைப் பள்ளிக் கண்காட்சியில் வைத்தார்கள். அடியில் என்ன எழுதுவது என்று பையன் கேட்டான். "மாவிலையில் எடுத்தது என்று எழுது, பொய்யில்லையே" என்றோம். எல்லோரும் அவன் பொறுமையைப் புகழ்ந்தார்கள்.

சிநேகிதர் ஒருவர் சொன்னார்: "சீனி மூட்டையில் ஏறும் எறும்பைத் தினமும் கொல்கிறீர், கோழி அறுத்துத் தின்கிறீர், ஒரு சிலந்திக்கு அழுவதா?" மறுக்க முடியாத பேச்சுத்தான். ஆனால் சீனி எறும்பு நம் சரக்குக்கு வந்தது; கோழி பசிக்கு ஆனது. இச்சிலந்தி நம்மிடம் வரவில்லை. அதன் முகம் நமக்கு வேண்டியிருந்தது, அவ்வளவே. அந்தக் கண்களைப் பார்த்த பிள்ளைகள் இனிச் சிலந்தியை மிதிக்கத் தயங்குவார்கள் என்பதும் மெய். அந்த லாபத்தில் விலை கொடுத்ததற்குப் பங்கு எங்கே?

1908இல் பெர்சி ஸ்மித் என்ற ஆங்கிலேயர், கட்டி வைத்த ஈ தன் கால்களால் சின்னஞ்சிறு பொருள்களைச் சுழற்றுவதைச் சினிமாப் படமாக்கினார். இந்தச் சங்கடம் அவ்வளவு பழையது.

சாவைவிட அந்த "மாவிலை" என்ற சொல்தான் நம்மை அதிகம் உறுத்துகிறது. சாவு நினையாமல் வந்தது. சொல்லை நினைத்தே சொன்னோம். தராசுத் தட்டில் சுண்டுவிரலை வைத்துக்கொண்டு, எடைக்கல் சரியானதுதான் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சிலந்தியும் வேஷக்காரிதான், அது உயிருக்காகப் போட்ட வேஷம். நாம் போட்டது கைதட்டலுக்காக.

இப்போது அந்தப் படம் நம் கல்லாப்பெட்டிக்கு மேலே இருக்கிறது. அடியிலிருந்த சீட்டை மாற்றி, "பத்து நிமிடம் குளிர்ப்பெட்டியில் வைத்து, கடை மேசையில் எடுத்தது" என்று பையன் எழுதியிருக்கிறான். சென்ற வாரம் சீனி வாங்க வந்த ஓர் அம்மாள் அதைப் படித்துவிட்டு, "அப்புறம் அது பிழைச்சுதா?" என்று கேட்டார். சீனியை நிறுத்துக் கொடுத்துவிட்டு, இல்லை என்றோம்.