மருவும் மானமும்

குழந்தையின் கன்னத்திலே கருமையைத் தொட்டு வைக்கிறாள் தாய். கண்ணேறு படாதிருக்க வேண்டுமாம்! பால்வடியும் முகத்திலே சிறு கறை ஒன்று இருந்தால், பார்ப்பவர் பொறாமை அதிலே பட்டுத் தெறித்துவிடுமாம். அதே குழந்தை வளர்ந்து மங்கையாகி, அதே கன்னத்திலே இயற்கையாகவே ஒரு கரும்புள்ளி தோன்றிவிட்டால், அதே தாய் கலங்குகிறாள், களிம்பு தேடுகிறாள், தரகரிடம் தரும் நிழற்படத்திலே அந்தப் பக்கம் தெரியாதபடி முகத்தைத் திருப்பச் சொல்கிறாள். அன்று கையால் இட்ட கறை காப்பு. இன்று கேளாமல் வந்த கறை களங்கம்! இரண்டையும் ஒரே நெஞ்சு நம்புகிறது, ஒரே நாவு சொல்கிறது.

தீங்கற்ற மச்சத்தை, மருவை, கழுத்திலே தொங்கும் தோல் முளையை, அழகு ஒன்றையே கருதி அகற்றிக்கொள்வது அறமா, அன்றா? நாடு எத்தனையோ சிக்கலிலே தவிக்கும்போது நகத்தளவுகூட இல்லாத மருவுக்கு ஒரு கட்டுரையா என்று தோழர் சிலர் கேட்கலாம். நகத்தளவு இல்லாத அந்தப் புள்ளியிலேதான் சோதிடம் குடியிருக்கிறது. கோயில் உண்டியல் குடியிருக்கிறது. கலியாணச் சந்தையின் தராசும் அங்கேதான் தொங்குகிறது. ஆகவே பேசத்தான் வேண்டும்.

மச்சம் என்பது யாது? தோலுக்கு நிறம் தரும் செல்கள் ஓரிடத்திலே கூட்டமாகத் திரண்டு நிற்பது. அவ்வளவே! வளர்ந்த ஒருவர் மேனியிலே 10 முதல் 40 வரை இருப்பது இயல்பு. மரு வேறு; அது ஒரு வைரசின் வேலை, தொற்றிப் பரவும். நடுவயதிலே கழுத்திலும் அக்குளிலும் முளைத்துத் தொங்குகிறதே, அது வெறும் தோல். உடல் பருத்தவர்க்கும் நீரிழிவு உள்ளவர்க்கும் சற்று மிகுதி. மூன்றிலும் முன்வினையும் இல்லை, முனிவர் சாபமும் இல்லை.

பஞ்சாங்கக்காரர் விடுவாரா! இந்தப் பக்கம் இருந்தால் செல்வம், அந்தப் பக்கம் இருந்தால் வறுமை என்று மேனி முழுவதையும் பட்டா போட்டு வைத்திருக்கிறார். ஆணின் மச்சத்துக்கு மண்ணும் பதவியும் வாகனமும் வாரி வழங்குகிற அந்த ஏடு, பெண்ணின் மச்சத்தைக் கண்டதும் கணவன் ஆயுளைக் கணக்கிட உட்கார்ந்துவிடுகிறது. 'அவனுக்கென்ன, மச்சக்காரன்!' என்று ஆணை மெச்சும் ஊர்தான், அவள் மச்சத்துக்குப் பரிகாரம் கேட்கிறது.

மடமை நமக்கு மட்டும் சொந்தமன்று. 1653-இல் இலண்டனிலே ரிச்சர்டு சாண்டர்ஸ் என்பார் கைரேகையோடு மச்சத்துக்கும் பலன் சொல்லும் பெரிய நூலை வெளியிட்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1645 முதல் 1647 வரை, அதே இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியிலே மாத்யூ ஹாப்கின்ஸ் என்பவன் சூனியக்காரி வேட்டையின் தளபதி என்று தன்னைத்தானே அழைத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தான். ஏழைக் கிழவிகளின் ஆடையைக் களைந்து மேனியைத் துழாவச் செய்தான். மருவோ மச்சமோ தோல் முளையோ கிடைத்தால் போதும். அது பேய்க்குப் பாலூட்டும் காம்பு! மன்றத்திலே அதுவும் சான்று! பலர் தூக்கிலேறினர். நடுவயதைக் கடந்தால் எவர் கழுத்திலும் முளைக்கக்கூடிய தோல் துணுக்கு, கயிற்றுக்குக் கழுத்தைக் காட்டிக்கொடுத்தது. தீங்கற்ற புள்ளிக்குப் பொருள் கற்பிப்பது வெறும் விளையாட்டு என்போர் இந்த வரலாற்றைப் படிக்கட்டும்.

இனி நம்மூர்க் கோயிலுக்கு வருவோம். உப்பும் மிளகும் கொட்டினால் மரு உதிரும் என்பர். குளத்திலே வெல்லத்தைப் போட்டால், அது கரைவதுபோல மருவும் கரையும் என்பர். 'என் பிள்ளைக்கு உதிர்ந்ததே, கண்ணால் கண்டேனே!' என்று சான்று சொல்லும் அன்னையர் பொய்யர் அல்லர். உதிர்ந்தது உண்மை. ஆனால் சிறுவர்க்கு வரும் மருக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, எந்த மருந்துமின்றி 2 ஆண்டுகளுக்குள் தாமே மறைந்துவிடும். உடல் தன் பகையை அடையாளம் கண்டு தானே விரட்டுகிறது. வேண்டிக்கொண்டவன் பிள்ளைக்கும் மறைகிறது, வேண்டாதவன் பிள்ளைக்கும் மறைகிறது. முன்னவன் உண்டியலிலே காசு போடுகிறான். பின்னவன் மரு இருந்ததையே மறந்துவிடுகிறான். மறந்தவன் சாட்சி சொல்ல வருவதில்லை என்பதால்தான் கோயிலின் வழக்கு எப்போதும் வென்றுகொண்டே இருக்கிறது!

ஆண்டவன் இட்ட குறி, தொடாதே என்கிறது ஒரு குரல். அவன் இட்டதென்றால், உதிர்த்துவிடு என்று அவனிடமே உப்பையும் மிளகையும் நீட்டுவானேன்? இதற்குமேல் அந்தக் குரலுக்கு விடை தேவையில்லை.

களங்கம், களைந்துவிடு என்கிறது சந்தையின் குரல். களங்கம் என்று எவர் தீர்ப்பளித்தார்? 17, 18-ஆம் நூற்றாண்டுகளிலே ஐரோப்பியச் சீமாட்டிகள் கரும்பட்டைப் புள்ளி புள்ளியாக வெட்டி, முகத்திலே ஒட்டிக்கொண்டு விருந்துக்குப் போயினர். 1711-இல் அடிசன் தம் ஏட்டிலே ஒரு வேடிக்கை எழுதினார்: இலண்டன் நாடகக் கொட்டகையிலே ஒரு கட்சி மங்கையர் வலப்பக்கமும், எதிர்க்கட்சி மங்கையர் இடப்பக்கமும் புள்ளி ஒட்டி அமர்ந்திருந்தனராம்! கடையிலே காசு கொடுத்து வாங்கினால் அணிகலன், கருவிலே வந்தால் களங்கம் என்றால், அந்தத் தீர்ப்பு தோலைப் பற்றியதாக எப்படி இருக்க முடியும்?

மூன்றாவது குரல் நம் முகாமிலிருந்தே எழுகிறது. பகுத்தறிவாளனுக்கு ஒப்பனை எதற்கு, மருவை எடுப்பவள் மானமற்றவள் என்கிறார் சில இளைஞர். இக்குரலோடுதான் நாம் அதிகம் வாதிட வேண்டியிருக்கிறது. தோழர்களே, நாம் தலை வாரிக்கொள்வதில்லையா? மடிப்புக் கலையாத வேட்டியும் கரை போட்ட துண்டுமாக மேடை ஏறுவதில்லையா? தனித் தீவிலே வாழ்பவன் எவனும் துண்டுக்குக் கரை தேடமாட்டான். பிறர் பார்வைக்காகச் செய்வதெல்லாம் அடிமைத்தனம் என்றால், நம் சலவைக் கணக்கு முதலிலே வெளிவரும்! மனுவின் ஏட்டைக் கிழித்துவிட்டு, அவள் மேனிக்கு நாம் ஒரு புது ஏடு எழுதுவதா?

அமெரிக்க எழுத்தாளர் நத்தானியல் ஹாதார்ன் 1843-இல் பிறவிக்குறி பற்றி ஒரு சிறுகதை எழுதினார். அறிவியலறிஞன் ஒருவன், பேரழகி அவன் மனைவி, அவள் கன்னத்திலே சின்னஞ்சிறு கை போன்ற செந்நிறக் குறி. மணத்துக்கு முன் அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. மணமான பின் அதைத் தவிர வேறெதுவும் அவன் கண்ணிலே படவில்லை. அவன் முகம் வெளிறுவதைக் கண்டு கண்டு அவளும் தன் கன்னத்தை வெறுத்தாள். மருந்து கொடுத்தான், குறி மங்கிற்று, அவள் மாண்டாள். இயற்கையின்மீது கை வைத்ததற்குத் தண்டனை என்று இதற்குப் பொருள் கூறுவோர் உண்டு. நமக்கு அது உடன்பாடன்று. இயற்கையின்மீது கை வைத்துத்தானே பெரியம்மையை 1980-க்குள் உலகைவிட்டே விரட்டினோம்? அக்கதையிலே நம்மை நடுங்க வைப்பது, தன் முகத்தைத் தன் கண்ணால் பார்ப்பதை விட்டு, அவன் கண்ணால் அவள் பார்க்கத் தொடங்கிய அந்த நாள்தான்.

ஆகவே நாம் கேட்கும் கேள்வி வேறு. மறுத்தால் என்ன இழப்பு? கழுத்து முளை சட்டைப் பட்டையிலே உரசுகிறது, கண்ணாடியிலே பார்க்கப் பிடிக்கவில்லை, எடுத்துவிட்டார் ஒருவர். எடுக்காவிட்டாலும் எவரும் அவரை ஒதுக்கப் போவதில்லை. அது சுவை, அதிலே தலையிட நாம் யார்? கன்னத்து மச்சத்தை எடுக்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போவர், அல்லது இன்னும் ஐந்து பவுன் கேட்பர் என்றால், அது சுவையன்று, தண்டம். 1929-இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. 60 ஆண்டு கழித்து, 1989-இல், தமிழகத்திலே அது சட்டமாயிற்று. சொத்திலே பங்கு வந்த பின்னும், முகத்திலே தள்ளுபடி கேட்கும் வழக்கம் போகவில்லையே! தண்டம் கட்டுகிறவளை நாம் ஏசுவதற்கில்லை. வரி விதிப்பவனிடம் பேச வேண்டியதை வரி கட்டுகிறவளிடம் பேசுவது வீரமா? ஏழு வயதுச் சிறுமியின் மச்சத்தைப் பிற்காலத்து மாப்பிள்ளைக்காக இன்றே எரிக்கக் கிளம்பும் பெற்றோரை மட்டும் கட்டாயம் தடுக்க வேண்டும். அந்தத் தோல் அவளுடையது. வளர்ந்தபின் அவளே முடிவு செய்யட்டும்.

எடுப்பதென்று முடிவு செய்தவர்க்கும் சில சொல்ல வேண்டும். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்துத் தடவுவதும், சேங்கொட்டைப் பாலை வைப்பதும் மருவோடு சுற்றியுள்ள தோலையும் அரித்துப் புண்ணாக்கும். மருத்துவமனையிலே, −196 பாகைக் குளிர்ச்சி கொண்ட திரவ நைட்ரஜனால் உறைய வைத்து எடுப்பர். நம் போன்ற கருந்தோலிலே அது வெள்ளைத் தழும்பை விட்டுச் செல்வதுண்டு. மார்பிலும் தோளிலும் கை வைத்தால், மருவைவிடப் பெரிய தழும்பு தடித்து எழவும் கூடும். கரும்புள்ளியைக் கொடுத்து வெண்புள்ளியை வாங்கும் வாணிபம் இது என்பதை முன்கூட்டியே சொல்லும் மருத்துவரே நேர்மையானவர்.

இன்னொன்று. மச்சம் என்று நாம் நினைப்பதெல்லாம் மச்சமாகவே இருப்பதில்லை. ஒரு பாதி மறுபாதியை ஒவ்வாமலும், ஓரம் சிதைந்தும், நிறம் பலவாகியும், 6 மில்லிமீட்டரைத் தாண்டி வளர்ந்தும் மாறிக்கொண்டே இருப்பது புற்றாக இருக்கலாம். கருநிற மக்களிடையே அது அரிது. ஆனால் வரும்போது உள்ளங்காலிலும் நகத்தடியிலும் ஒளிந்து வரும். ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தின்கீழ் வந்தது. 1981-இல் 36 வயதிலே அவரைக் கொண்டு சென்றது. கன்னத்துப் புள்ளிக்குப் பலன் பார்க்கும் வீட்டிலே, பாட்டியின் உள்ளங்காலை எவரும் திருப்பிப் பார்ப்பதில்லை. அழகு நிலையத்திலே எரித்துவிட்டால் சோதிக்க ஒன்றும் மிஞ்சாது. ஐயத்துக்கு இடமான மச்சத்தை மருத்துவர் கத்தியால் எடுக்க வேண்டும். எடுத்த துணுக்கு குப்பைத் தொட்டிக்குப் போகாமல் நுண்ணோக்கியின் கீழே போக வேண்டும். அந்த முடிவு வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.