இரக்கம் எவர் மீது?

வெந்நீர் கொட்டிய குழந்தையின் உள்ளங்கைப் புண் ஆறியதும் 'அல்ஹம்துலில்லாஹ்' கூறி அமைந்துவிடுகிறோம். ஆனால், தோல் மூடிய பின்னரே தழும்பு தடித்துச் சுருங்குகிறது. மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும், விரல்களை உள்நோக்கி இழுக்கிறது. விரல்களை நீட்டிப் பிடிக்கும் மட்டையும் அன்றாடப் பயிற்சியுமே அதற்குத் தடை. பிள்ளை அலறுகிறது, உம்மா மட்டையை அவிழ்த்துவிடுகிறார். இதனை இரக்கம் என்கிறோம். அலறலைப் பொறாத நம் செவிகள் மீதல்லவா அவ்விரக்கம்! பின்னாளில் எழுதுகோல் பிடிக்க இயலாத அக்கையைக் கண்டு 'நஸீபு' என்றும் சொல்லிவிடுகிறோம்.

மார்க்கம் வேதனையை அறியாததன்று. தண்ணீர் புண்ணுக்குத் தீங்கு செய்யுமிடத்துத் தயம்முமுக்கு அனுமதி தந்திருக்கிறது. ஆயினும் அச்சலுகை தொழுகையை நிறைவேற்றத் தரப்பட்டது, விட்டுவிடுவதற்கன்று. பயிற்சியிலும் அவ்வாறே. (நோவு மருந்தை மறுப்பது சபுராகாது.) மருத்துவர் சொன்ன மருந்தை முன்னரே கொடுத்து, பயிற்சியைச் சிறுசிறு வேளைகளாகப் பகுத்துக் கொள்ளலாம்.