பதினாறாம் நாளுக்குப் பிறகு

சாவு வீட்டில் உறவுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. மகன் கொள்ளி வைக்கிறான், மாமன் வீட்டார் கோடித் துணி கொண்டுவருகிறார்கள், பங்காளிகள் பாடை கட்டுகிறார்கள். இறந்தது பத்தாம் வகுப்புப் பையன் என்றால், அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னொரு பையனுக்கு அங்கே என்ன வேலை?

எங்கள் வடசென்னைப் பக்கம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. வள்ளூர், மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் என்று எந்தத் தெருவிலும் பார்க்கலாம். இரவோடு இரவாகக் கண்ணீர் அஞ்சலி பேனர் ஏறிவிடும். இறந்தவன் படத்துக்குக் கீழே கூட்டாளிகள் படங்கள் வரிசையாக இருக்கும். விடிய விடிய மரண கானா நடக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைக் கூச்சல் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ரத்த உறவு என்ற உரிமை இல்லாத பிள்ளைகள் தங்கள் துக்கத்துக்குத் தாங்களே உண்டாக்கிக்கொண்ட இடம் அது. ஆனால் ஓர் இரவுக்கு மட்டுமே அந்த இடம். பெண்பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. தோழி இறந்துபோனால், "பயந்துக்குவா, வேணாம்" என்று சாவு வீட்டுக்கே அனுப்ப மாட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் பெற்றவர்களிடம் ஊர் துக்கம் விசாரிக்கும். கூட்டாளியிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவனுக்குப் பரீட்சை இருக்கிறது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வரும் மாதங்களுக்குத்தான் கதை வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் கேத்தரின் பேட்டர்சனின் சின்ன மகனுக்கு ஒரு தோழி இருந்தாள். 1974இல் மின்னல் தாக்கி அவள் இறந்தாள். மகன் படும் பாட்டைப் பார்த்த அம்மா எழுத உட்கார்ந்தார். 1977இல் ‘பிரிட்ஜ் டு டெராபிதியா’ நாவல் வந்தது. அதில் ஜெஸ், லெஸ்லி என்று இரண்டு பிள்ளைகள் ஓடைக்கு அந்தப்பக்கம் தங்களுக்கென்று ஒரு ராஜ்ஜியம் வைத்திருக்கிறார்கள். கயிற்றைப் பிடித்து ஊஞ்சலாடித்தான் ஓடையைத் தாண்ட வேண்டும். ஒருநாள் ஜெஸ் தன் டீச்சரோடு வாஷிங்டன் மியூசியத்துக்குப் போகிறான். லெஸ்லியைக் கூப்பிடவில்லை. அன்றைக்குக் கயிறு அறுந்து அவள் இறந்துபோகிறாள். ‘நான் கூப்பிட்டிருந்தா?’ சின்ன வயதில் நண்பனை இழந்த எவருக்கும் இந்தக் கேள்வி தெரியும். பெரியவர்கள் அதை விதி என்று சொல்லி மூடிவிடுவார்கள். ஒரு பிள்ளையால் அப்படி மூட முடியாது.

சாயங்காலங்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலரோடு உட்கார்ந்து கதை படிப்பது என் வழக்கம். ஒருநாள் இந்தக் கதையைத் தமிழில் வாய்மொழியாகச் சொன்னேன். அவர்களில் ஒருவனுடைய நண்பன் கன்டெய்னர் லாரியில் அடிபட்டு இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அனல்மின் நிலையமும் துறைமுகங்களும் சூழ்ந்த எங்கள் சாலைகளில் அந்த லாரிகளுக்கு நடுவில்தான் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள். கதையின் முடிவில் ஜெஸ் ஓடைக்குக் குறுக்கே பலகைகளால் பாலம் போட்டுத் தன் தங்கையை அந்தப்பக்கம் கூட்டிப்போகிறான். மற்ற பிள்ளைகள் லெஸ்லியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் போன பிறகு அந்தப் பையன் ஒன்றே ஒன்று கேட்டான். "பலகைய யார்ட்ட வாங்குனான்?"

"செத்துப்போன பொண்ணோட அப்பாகிட்ட கேட்டு எடுத்துட்டு வந்தான்" என்றேன்.

அடக்கத்துக்குப் பிறகு அவன் நண்பன் வீட்டுப் பக்கமே போனதில்லை என்பது எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் அந்த அம்மாவோடு உட்கார்ந்திருந்தான் என்று கேள்விப்பட்டேன். கதையைக் கேட்டதால்தான் போனான் என்று நான் சொல்ல வரவில்லை. போகலாம் என்ற நினைப்பு எங்கிருந்தாவது வரத்தானே வேண்டும்?

தமிழில் இப்படி எழுத முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 1990களில் இரா. நடராசன் எழுதிய ‘ஆயிஷா’ இதைவிடக் கடுமையானது. கேள்வி கேட்டதற்காக வகுப்பில் அடி வாங்கும் ஒரு மாணவி, அடி வலிக்காமல் இருக்க மரத்துப்போகச் செய்யும் மருந்தைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து இறந்துபோகிறாள். அவளைச் சொந்த மகளாக நினைத்த அறிவியல் ஆசிரியை தான் எழுதிய நூலுக்கு எழுதும் முன்னுரையாகவே முழுக் கதையும் வருகிறது. ஆயிஷாவுக்கு இன்னொரு வாய்ப்பு இல்லை. அவளைப் போலக் கேள்வி கேட்கும் மற்ற பெண்களுக்காக அந்த டீச்சர் எழுதுகிறார். என் கணக்கில் இது பேட்டர்சனின் பாலத்தைவிட நேர்மையான முடிவு. மறுவாய்ப்பு என்பது போனவரிடம் நமக்குக் கிடைப்பதில்லை. மிச்சமிருப்பவர்களிடம்தான் கிடைக்கிறது.

பாரி மாண்ட பிறகு கபிலர் செய்ததும் இதுதான். நண்பனின் மகள்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய், மணந்துகொள்ளுங்கள் என்று கேட்டார். இருவருமே மறுத்தார்கள். அந்தப் பாட்டுகள் புறநானூற்றில் இருக்கின்றன. கூட்டாளியின் துக்கத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இடம் கொடுத்த மொழி நம்முடையது. அதே மொழியில் இன்றைக்குப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்க விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் புத்தகங்கள் இருக்கின்றன. பள்ளிக் கல்வித் துறையின் ‘தேன்சிட்டு’ இதழ்கூட 6 முதல் 9ஆம் வகுப்பு வரை உள்ளவர்களுக்குத்தான். அதற்குமேல் கையில் இருப்பது கைடு மட்டுமே. நண்பனை இழந்த ஒரு பிள்ளை பரீட்சையில் தவறினால் அதே வருஷம் துணைத்தேர்வு வைத்து இன்னொரு வாய்ப்புக் கொடுக்கிறோம். நல்ல ஏற்பாடுதான். அந்தப் பிள்ளை ஏன் தவறினான் என்று விடைத்தாள் சொல்லாது.

எழுத்தாளர்களே, மீஞ்சூரிலோ அத்திப்பட்டிலோ நண்பனை இழந்துவிட்டுத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளையைப் பற்றி நாவல் எழுதுங்கள். நீதி எதுவும் வேண்டாம். ஆசிரியர்களே, வகுப்பில் ஓர் இடம் காலியாகிவிட்டால், மறுநாள் முதல் பீரியடிலேயே போர்ஷனைத் தொடங்கிவிடாதீர்கள். இறந்த பிள்ளையின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் யார் என்று விசாரியுங்கள். பெற்றவர்களே, உங்கள் பெண் தன் தோழியின் சாவுக்குப் போக வேண்டும் என்று கேட்டால், கூடவே போய் நில்லுங்கள்.