நடப்பவரின் பங்கு

ஏ9 வீதியில் பஸ்ஸில் பயணம் செய்த எவரும் இக்காட்சியைக் கண்டிருப்பர். மாங்குளம் தாண்டிக் கிளிநொச்சியை நோக்கி வண்டி விரையும்போது, காபெட் வீதியின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, ஒடுங்கிய கிரவல் ஓரத்தில், புத்தகப் பையோடு பிள்ளைகள் வரிசையாக நடந்து போவர். சாரதி ஹோர்ன் அடிப்பார். பிள்ளைகள் புல்லுக்குள் ஒதுங்குவர். நாம் யன்னலால் பார்த்துவிட்டு மறந்துவிடுவோம்.

அந்த ஹோர்ன் ஒலிக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. வீதி வாகனத்துக்குரியது, நடப்பவர் ஒதுங்க வேண்டும் என்பதே அது. இத்தீர்ப்பை வழங்கியவர் யார்?

வன்னியின் வீதிகளை நன்கறிந்தவை வாகனங்களல்ல, கால்கள்தாம். 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பலர் நடந்தே தெற்கு நோக்கிப் போயினர். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தோர் கிளிநொச்சிக்கு வந்தனர். 2009இன் தொடக்கத்தில் பரந்தன் – முல்லைத்தீவு வீதி முழுவதும் மூட்டை முடிச்சுகளோடு கிழக்கே நகர்ந்த மனிதர்களால் நிரம்பியிருந்தது. மீளக் குடியேறிய பின்னரும் வீதியைவிட்டு இறங்க முடியவில்லை. மண்டையோடு பொறித்த சிவப்புப் பலகைகள் ஓரங்களில் மிதிவெடியைச் சொல்லிக்கொண்டு நின்றன. ஒருபுறம் வாகனம், மறுபுறம் வெடி. இரண்டுக்கும் நடுவே நடந்து பழகியவர்கள் இந்த மக்கள்.

போரின் பின் வீதிகள் அகன்றன, மழமழப்பாயின. அது தீமையென்று யாரும் சொல்லார். நோயாளி விரைவாக வைத்தியசாலைக்குப் போகிறார். நெல்லும் மீனும் சந்தைக்குப் போகின்றன. ஆயினும் அந்த வீதி கடந்து போகிறவரை மனதிற்கொண்டு அமைக்கப்பட்டது. அதன் ஓரத்தில் வாழ்கிறவர் அந்தக் கணக்கில் வரவில்லை.

இதில் நிர்வாகச் சிக்கலும் உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் இரண்டிலும் நகரசபையோ மாநகரசபையோ இல்லை. கிளிநொச்சி நகரமே கரைச்சிப் பிரதேச சபைக்குள் அடங்கியது. பிரதான வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. கிராமத்து ஒழுங்கை பிரதேச சபைக்குரியது. பாடசாலைப் பிள்ளையோ ஒழுங்கையில் இறங்கி, பிரதான வீதியில் கொஞ்சம் நடந்து, அதைக் குறுக்கே கடந்து, இன்னொரு ஒழுங்கைக்குள் நுழைகிறது. பிள்ளைக்கு அது ஒரே பாதை. அலுவலகங்களுக்கு அது மூன்று துண்டு. துண்டுகள் சந்திக்கும் இடம் எவருடைய பொறுப்பிலும் முழுமையாக இல்லை.

விபத்து நேர்ந்தால் நாம் முதலில் சொல்வது, "பார்த்துப் போயிருக்கலாமே" என்பதுதான். கவனம் தேவை, மறுப்பில்லை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையிடமும் கண் மங்கிய முதியவரிடமும் ஒருபோதும் தவறாத கவனத்தை எதிர்பார்ப்பது நீதியா? சுவீடன் பாராளுமன்றம் 1997இல் வேறொரு கொள்கையை ஏற்றது. மனிதர் தவறுவர், அந்தத் தவறு மரணமாகிவிடாதபடி வீதியை அமைப்பது அமைப்பவரின் கடமை என்பது அதன் சாரம். வேகம் மணிக்கு 30 கிலோமீற்றராக இருக்கும்போது மோதுண்டவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார். வேகம் ஏற ஏற அந்த வாய்ப்பு விரைந்து சுருங்குகிறது. எனவே வேகத்தின் பயனை அனுபவிப்பவர் ஒருவர், அதன் விலையைக் கொடுப்பவர் இன்னொருவர். ஒழுக்கக் கேள்வி இங்கேதான் எழுகிறது.

பொறியியல் படித்த நண்பரொருவர் என்னிடம் கேட்டார்: "கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர். முழுவதற்கும் நடைபாதை போட நாட்டில் காசிருக்கா?" நியாயமான கேள்வி. ஆனால் மக்கள் 321 கிலோமீற்றர் நடப்பதில்லை. வீட்டிலிருந்து பாடசாலைக்கும், பஸ் தரிப்பிடத்துக்கும், கடைக்கும், கோயிலுக்கும், பள்ளிவாசலுக்கும் நடக்கிறார்கள். அந்தத் துண்டுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மதகுகளைக் கவனியுங்கள்: அங்கே ஓரம் முடிந்துபோக, நடப்பவர் வாகனம் ஓடும் இடத்திலேயே கால்வைக்க நேர்கிறது. அறுவடைக் காலத்தில் ஓரத்தில் நெல் காயப்போடும்போதும் இதே கதைதான். மதகை ஒரு மனிதர் நடக்குமளவு அகலமாக்குவது, பாடசாலை முன்னால் வேகத்தைக் குறைப்பது, தரிப்பிடத்துக்கு எதிரே கடவையும் ஒரு விளக்கும் வைப்பது, பிள்ளைகள் ஏற்கெனவே நடக்கும் வாய்க்கால் கட்டைச் சீர்செய்து கொடுப்பது: இவை பெருஞ்செலவுகளல்ல. எங்கே தேவையென்று அறிய, நடப்பவரிடம் கேட்டாலே போதும். கூட்டத்துக்கு வாகனத்தில் வருபவருக்கு அது தெரியாது.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்றென்று சிறுவயதிலேயே கற்றோம். முள்ளையும் கல்லையும் கண்டால் தூக்கி எறிகிறோம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத இடையூறும் உண்டு. கால்வைக்க இடமில்லாமை அத்தகையது. அது எங்கும் கிடப்பதில்லை. ஆகவே அதை எவரும் அகற்றுவதுமில்லை.

அடுத்த முறை அந்த வீதியால் போகும்போது யன்னலோரம் இருந்து மதகுகளை எண்ணிப் பாருங்கள். எத்தனை மதகுகளில் ஒரு தாய் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அச்சமின்றிக் கடக்க முடியும்?