கல்லின் மூச்சும் கரியின் புகையும்

புகை என்றால் சிவகாசி என்று சொல்வது நாட்டின் வழக்கமாகிவிட்டது. இந்தியாவில் வெடிக்கப்படும் பட்டாசுகளில் பெரும்பகுதி இவ்வட்டாரத்தில் உருவாவதால், தீபாவளி இரவில் தலைநகரைச் சூழும் புகைமூட்டத்திற்கும் இவ்வூரே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் பேரியம் உப்புகளைத் தடை செய்தது. மறு ஆண்டில் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்கள் ‘பசுமைப் பட்டாசு’ என்னும் பெயரில் புதிய கலவைகளை அறிமுகப்படுத்தின. தூசும் துகளும் ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும் என்பது அவற்றின் சிறப்பாகச் சொல்லப்பட்டது. அத்தீர்ப்பை நாம் குறை கூறவில்லை. தில்லியில் மூச்சுத் திணறும் குழந்தைக்கும் நல்ல காற்றில் உரிமை உண்டு. ஆனால் தீர்ப்பை அடுத்துச் சிவகாசியில் ஆலைகள் சில மாதங்கள் பூட்டிக் கிடந்தபோது, நாட்கூலி இழந்தவர்கள் திரி சொருகியும் குழாய் உருட்டியும் பிழைத்தவர்கள். தூய காற்று வேண்டும் என்று நாடு முடிவு செய்தது. அதற்கான முதல் தவணையைக் கட்டியது சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துக் கூலிக் குடும்பங்கள்.

இதே மாவட்டத்தில் வேறொரு வாயுவும் வானுக்குச் செல்கிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை; எனவே வழக்குமில்லை. விருதுநகருக்கும் சாத்தூருக்கும் இடையே, துலுக்கப்பட்டி இரயில் நிலையத்தை ஒட்டி இராமசாமி ராஜா நகர் இருக்கிறது. 1960களின் தொடக்கத்திலிருந்து அங்குச் சிமெண்ட் உருவாகிறது. அரசுக்குரிய சிமெண்ட் ஆலை ஒன்றும் இம்மாவட்டத்து ஆலங்குளத்தில் நிறுவப்பட்டது. நம் வீடுகள், பள்ளிகள், பாலங்கள், ஆலயங்கள் யாவும் இத்தகைய சூளைகளுக்குக் கடன்பட்டவை. உலகம் முழுவதும் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 அல்லது 8 விழுக்காடு சிமெண்டால் வருகிறது என்பது அறிவியலார் கணக்கு.

இவ்வாயு எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அறநெறிக் கேள்வியும் அங்கேதான் பிறக்கிறது. சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது நிலக்கரி எரிகிறது. அந்தப் புகை ஒன்று. கல்லே தன்னுள் அடைத்து வைத்திருக்கும் கரியமில வாயுவை வெளிவிடுகிறது, அது மற்றொன்று. தூய சுண்ணாம்புக் கல் 100 கிலோவை முற்றிலும் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ வாயுவாகப் பறந்துபோகும். சிமெண்ட் சூளையிலிருந்து வரும் கரியமில வாயுவில் பாதிக்கும் மேற்பட்டது இவ்வாறு கல்லிலிருந்தே வருகிறது. நிலக்கரிக்குப் பதிலாக எதை எரித்தாலும் கல் தன் மூச்சை விட்டே தீரும்.

நம் முன்னோரின் சுண்ணாம்புக் காளவாசல்களிலும் இதுவே நிகழ்ந்தது. ஆனால் அந்தச் சுண்ணாம்பை நீற்றிச் சுவரில் பூசியபோது, அது காற்றிலிருந்து கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக உறிஞ்சி மீண்டும் கல்லாயிற்று. பழைய ஆலயச் சுவர்களில் ஆணி அடிக்க முயன்றவர்களுக்கு அந்த உறுதி தெரியும். கல் விட்ட மூச்சைச் சுவர் திரும்ப வாங்கிக்கொண்டது. விறகு விட்ட புகையை அது வாங்கிக்கொள்ளவில்லை. இன்றைய கான்கிரீட்டும் ஓரளவு உறிஞ்சுகிறது, ஆனால் மிக மெதுவாக. (அத்தகைய பழஞ்சுவர்களை இடித்துவிட்டு வானுயர்ந்த கான்கிரீட் முகப்புகளை எழுப்பும் ஆர்வம் ஊர்தோறும் பெருகியிருப்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.)

ஆக, நம்முன் இரண்டு புகைகள் இருக்கின்றன: தவிர்க்க இயலாதது ஒன்று, தவிர்க்கக்கூடியது மற்றொன்று. இவ்வேறுபாட்டை மறந்துவிட்டுப் பேசுவதால்தான் இன்று ‘ஹைட்ரஜன்’, ‘கரியமில வாயுவைப் பிடித்தல்’ என்னும் இரண்டு சொற்களும் சிலருக்கு மந்திரமாகவும் சிலருக்கு ஏமாற்றாகவும் தோன்றுகின்றன.

ஹைட்ரஜன் எரிந்தால் நீராவியே மிஞ்சும். இரும்புத் தாதுவிலிருந்து உயிர்வளியைப் பிரிக்கக் கரிக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தலாம். அவ்வாறு உருவான எஃகு ஸ்வீடனில் 2021இல் முதன்முறையாக ஒரு வாகன நிறுவனத்திற்கு அளிக்கப்பட்டது. காற்றாலை, சூரிய ஒளி ஆகியவற்றின் மின்சாரத்தால் நீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கும் திட்டத்திற்கு நம் நடுவண் அரசு 2023 சனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் ஒரு முன்னோட்ட நிலையம் தொடங்கப்பட்டது. மணிக்கு 10 கன மீட்டர் அளவில் அங்கு எடுக்கப்படும் ஹைட்ரஜன், துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளை எரிப்பதற்கென அமைந்தது. சிறிய தொடக்கம், ஏளனம் செய்ய வேண்டியதில்லை.

ஆனால் கரிசல் நிலத்தவர் உடனே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: தண்ணீர் எங்கிருந்து? ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேதியியல் கணக்கின்படியே 9 லிட்டர் நீர் வேண்டும். 50 லட்சம் டன்னுக்கு 4,500 கோடி லிட்டர். நடைமுறையில் இதனினும் கூடுதலாகும். கடல்நீரைக் குடிநீராக்கிப் பயன்படுத்துவதானால் நன்று. வைப்பாற்று மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுத்தவர்களின் பங்கில் கை வைப்பதானால், காற்றைத் தூய்மையாக்க நிலத்தை வறளச் செய்த கதையாகும்.

கல்லின் மூச்சுக்கு ஹைட்ரஜன் மருந்தாகாது. அதைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். புகையை ஒரு கரைசலின் வழியே செலுத்தினால் கரைசல் கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும். பின்னர்ச் சூடேற்றினால் அவ்வாயு தனியே பிரியும். இதை நெடுந்தொலைவு சென்று காண வேண்டியதில்லை. 2016இல் தூத்துக்குடி அல்கலி ஆலையில், கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற இருவர் தொடங்கிய நிறுவனத்தின் முறைப்படி இது செயலுக்கு வந்தது. நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வரை பிடித்துச் சோடா உப்பாக மாற்றலாம் என்று அறிவிக்கப்பட்டது. அரசு மானியமின்றி நடந்ததால் உலகச் செய்தியாயிற்று. உலகைக் காக்கும் எண்ணத்தோடு அன்று, ஆலைக்குத் தேவையான வாயு தடையின்றிக் கிடைக்கவே இதைச் செய்தோம் என்று அதன் தலைமை வெளிப்படையாகவே சொன்னது.

செயல், நோக்கம், சூழல் ஆகிய மூன்றையும் சேர்த்தே ஒன்றன் நன்மை தீமையை அளக்க வேண்டும் என்று அறநெறி இறையியல் கற்பிக்கிறது. வணிக நோக்கம் தன்னளவில் தீயதன்று. இலாபத்திற்காகச் செய்யப்பட்ட நன்மையும் நன்மையே. அந்த வெளிப்படைப் பேச்சு, பசுமை வேடமிடும் விளம்பரங்களைவிட நமக்கு உகந்ததாகவே தோன்றுகிறது. ஆயினும் சோடா உப்பைக் கண்ணாடி உலையில் இட்டால் அது பிடித்த வாயுவை மீண்டும் விட்டுவிடும். சமையல் சோடாவும் அடுப்பில் அதையே செய்யும். சிறிது காலம் கட்டிவைத்தோம் என்று சொல்லலாமே தவிர, நீக்கிவிட்டோம் என்று சொல்ல இயலாது. நோக்கம் இலாபமாக இருக்கும்வரை, இலாபம் நிற்கும் இடத்தில் நன்மையும் நின்றுவிடும்.

நிலையாக அடைத்து வைக்கும் முயற்சி நார்வே நாட்டின் பிரெவிக் நகரில் நடைபெறுகிறது. அங்கே 2025 சூனில் திறக்கப்பட்ட நிலையம், ஒரு சிமெண்ட் ஆலையின் கரியமில வாயுவில் ஏறத்தாழப் பாதியை, அதாவது ஆண்டுக்கு 4 லட்சம் டன்னை, பிடித்து வடகடலின் அடிநிலத்தில் புதைப்பதற்கென அமைக்கப்பட்டது. செலவில் பெரும்பங்கை அரசு ஏற்றது. அச்செல்வம் எண்ணெயும் எரிவாயுவும் விற்றுச் சேர்ந்தது என்பதை எண்ணுங்கால், அதைக் கொடை என்பதைவிடக் கடன் திருப்புதல் என்பதே பொருந்தும்.

கல்லின் மூச்சைப் பிடிப்பது கடமை. அனல்மின் நிலையமோ எண்ணெய் நிறுவனமோ, “பிற்காலத்தில் பிடித்துக்கொள்வோம்” என்று சொல்லி இன்று புதிய கரியை எரிக்குமானால், அது மீண்டும் செய்யும் தீர்மானத்தோடு பாவசங்கீர்த்தனத்திற்கு வரிசையில் நிற்பதைப் போன்றது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2023 அக்டோபரில் வெளியிட்ட ‘லவுதாத்தே தேயும்’ ஊக்கவுரையில், வருங்காலத் தொழில்நுட்பம் அனைத்தையும் தீர்த்துவிடும் என்ற எண்ணத்தைக் கடுமையாக மறுத்தது இதனாலேயே. பிடிப்பதற்கு முன் குறைக்க வேண்டியதும் உண்டு. இந்தியத் தர விதிகளின்படி, அனல்மின் நிலையச் சாம்பலைச் சிமெண்டில் 35 விழுக்காடு வரை கலக்கலாம். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் கலந்த சிமெண்டுக்கு 2023இல் தர விதி வந்துவிட்டது. கல்லைக் குறைவாகச் சுட்டால் பிடிக்க வேண்டியதும் குறையும்.

இனி, பணம் யாருடையது? பிடிக்கும் கருவிக்கும் அதைச் சூடேற்றும் எரிபொருளுக்கும் ஆகும் செலவு இறுதியில் சிமெண்ட் மூட்டையின் விலையில் ஏறும். குடிசையை ஓட்டுவீடாகவும் ஓட்டுவீட்டைத் தளவீடாகவும் ஆக்கச் சீட்டுப் பணம் சேர்க்கும் பட்டாசுத் தொழிலாளி ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்குவது சில பத்து மூட்டைகள். நான்குவழிச் சாலைக்கும் மேம்பாலத்திற்கும் விமான நிலையத்திற்கும் செல்வதோ கணக்கிலடங்காதது. எனவே விலை கூடிய தூய சிமெண்டை முதலில் வாங்க வேண்டியவை அரசும் பெருநிறுவனங்களுமே. தமிழக அரசுக்குத் தன் சொந்தச் சிமெண்ட் கழகம் இருக்கிறது. 2021 நவம்பரில் ‘வலிமை’ என்னும் பெயரில் குறைந்த விலைச் சிமெண்டை அது சந்தைக்குக் கொண்டுவந்தது. மலிவாக விற்க வழி கண்ட அரசு, தான் கட்டும் பாலத்திற்குத் தூய சிமெண்டே வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கவும் வழி காணலாம். 2018இல் முதல் தவணையைக் கட்டியவர்களிடம் இரண்டாம் தவணையையும் கேட்பது முறையன்று.