பொய்த் துப்பாக்கியின் மெய்

சுழலும் குழல்கள் கொண்ட துப்பாக்கிக்கு ரிச்சர்ட் காட்லிங் 1862இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். கைப்பிடியைச் சுற்றினால் குழல்கள் சுழலும். ஒவ்வொரு குழலும் முறைவைத்துத் தோட்டாவை ஏற்று, சுட்டு, வெற்று உறையைத் தள்ளி, மறுமுறை வருவதற்குள் சற்றே ஆறிக்கொள்ளும். பின்னால் வந்த எம்134 ரகத்தில் கைப்பிடிக்குப் பதில் மின்மோட்டார், ஆறு குழல்கள், நிமிடத்துக்கு 6,000 குண்டுகள் வரை. தமிழ் ரசிகர்களுக்கு இந்த இனம் ‘கைதி’ (2019) படத்தின் கடைசிக் கட்டத்தில் அறிமுகம்.

படப்பிடிப்புக்கான டம்மியை ஒரு சாதாரண லேத் பட்டறையிலேயே செய்துவிடலாம். வட்டப் பலகை இரண்டு, ஆறு பிவிசி அல்லது அலுமினியக் குழாய், நடுவில் ஓர் இரும்புத் தண்டு, இரு முனையிலும் பேரிங், கார் வைப்பர் மோட்டார் ஒன்று. ஆறு துளைக்கும் இடம் குறிக்க அளவுகோலே வேண்டாம்: வட்டம் போட்ட கவராயத்தை விரிவு மாற்றாமல் விளிம்பிலேயே வைத்து நகர்த்தினால் சரியாக ஆறு புள்ளி விழும். துளை கொஞ்சம் விலகினாலும் சுழலும்போது கட்டு முழுவதும் உதறும். கேமரா அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அசல், டம்மி இரண்டையும் சுற்றுவது மோட்டார்தான். இரண்டிலும் சுழற்சி மெய். அப்படியானால் டம்மியில் பொய் எங்கே இருக்கிறது? இந்தியத் தத்துவத்தின் பழைய வழக்கு ஒன்று இங்கே புதுச் சாட்சியோடு வந்து நிற்கிறது.

எது தன் காரியத்தைச் செய்ய வல்லதோ அதுவே மெய் என்றார் 7ஆம் நூற்றாண்டின் பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி. இந்த அளவையில் டம்மி உடனே தோற்கும். அதன் சுழற்சியால் எதுவும் வெடிக்காது. ஆனால் வருசநாட்டு மலையடிவாரத்திலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு வரை கருப்பசாமி கோயில்களில் நேர்த்திக்கடனாக நட்ட அரிவாள்களை இந்த அளவை என்ன செய்யும்? ஆளுயரத்துக்கும் மேல் நிற்கிற அரிவாளை யாரும் வயலுக்கு எடுத்துப்போக முடியாது. வெட்டாது என்பதற்காக எந்தப் பக்தரும் அதைப் போலி என்பதில்லை. அதன் காரியம் வெட்டுவதல்ல, சாமிக்கு உரியதாக நிற்பது. ஆக, ஒரு பொருளின் காரியம் எது என்று முடிவு செய்யாமல் அதன் மெய்ப்பொய்யைப் பேச முடியாது. டம்மியின் காரியம் சுடுவது அல்லவே, பார்ப்பவரை நம்பவைப்பது. அதில் அது அசலைவிடக் கெட்டிக்காரனாகக்கூட இருக்கும்.

நம்பவைப்பதன் விளைவு மெய்யா என்பது அடுத்த கேள்வி. சங்கரர் பிரம்மசூத்திர பாஷ்யத்தில் (2.1.14) இதை நேராகவே எடுத்துக்கொள்கிறார். பொய்யானதிலிருந்து மெய்யான பலன் வருமா என்ற ஆட்சேபத்துக்கு, விஷம் ஏறிவிட்டது என்ற ஐயத்தாலேயே சாவு முதலியவை நேர்வதைக் காட்டுகிறார். தமிழ் நாடக மேடைக்கும் இப்படி ஒரு சாட்சியம் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) போட்ட சனீஸ்வரன், எமன் வேடங்களைக் கண்டவர்கள் பயத்தால் பாதிக்கப்பட்டார்கள் என்றும், அதனாலேயே அவர் வேடம் கட்டுவதை விட்டார் என்றும் செவிவழிச் செய்தி. குச்சனூரில் சனீஸ்வரனையே மூலவராகக் கும்பிடும் கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் கதையை நம்புவது கடினமல்ல. அரிதாரம் பொய், நடுக்கம் மெய்.

சைவ சித்தாந்தி இவ்வளவு தூரம் போகமாட்டார். அவருக்கு உலகம் மாயை என்னும் மெய்யான முதற்காரணத்திலிருந்து வந்த மெய்யான காரியம். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், உலகம் பொய்த்தோற்றம் என்னும் மாயாவாதத்தை மறுக்கிறார். இந்த வழியில் நின்று பார்த்தால் பிவிசி குழாயில் குற்றமில்லை, மோட்டாரில் குற்றமில்லை. குழாயைத் துப்பாக்கிக் குழலாக அறிந்த அறிவில்தான் பிழை. பட்டறைக்காரருக்கும் இதுவே பொருந்தும் விளக்கம். ஆயுத பூஜையன்று லேத்துக்கு வைக்கும் சந்தனம் குங்குமத்தை அவர் டம்மிக்கும் வைத்தால் அதில் முரண்பாடில்லை. அதுவும் அவர் தொழிலின் பொருள்.

பிழை எதிர்ப்பக்கமும் திரும்பும். கயிற்றைப் பாம்பென்று பார்ப்பதைப் பற்றி வேதாந்த நூல்கள் நிறையப் பேசுகின்றன. பாம்பைக் கயிறென்று பிடிப்பதே அதிக ஆபத்து. 1993இல் ‘தி க்ரோ’ படப்பிடிப்பில், போலித் தோட்டாவிலிருந்து கழன்று குழலுக்குள் சிக்கியிருந்த ஈயமுனையை, பிறகு போட்ட வெற்றுவேட்டு உந்தித் தள்ள, பிராண்டன் லீ இறந்தார். 2021 அக்டோபரில் ‘ரஸ்ட்’ படத்தளத்தில், குண்டில்லை என்று சொல்லிக் கொடுத்த துப்பாக்கி ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸைக் கொன்றது. இரண்டு இடத்திலும் கையில் இருந்தவை சுடக்கூடிய துப்பாக்கிகள். பிவிசி குழாயும் வைப்பர் மோட்டாருமாக இருந்திருந்தால் இந்தச் சாவுகள் நேர்ந்திருக்காது.

சட்டம் தத்துவத்துக்குள் புகவில்லை. மாறக்கூடிய தன்மையை மட்டும் பார்க்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 6ஆம் பிரிவில், போலித் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக மாற்ற உரிமம் கட்டாயம் என்கிறது.